இலங்கை மலாய் மொழி: ஒரு சிறு மக்களின் வரலாறும் நமது ஊழியமும்

மொழி எல்லைகளுக்கு அருகில் ஊழியம் செய்வோர் ஓர் உண்மையை விரைவில் உணர்ந்துகொள்வர். அரசு வரையும் எல்லைக்கோடு நிலத்தின்மீது செல்லும். மக்களுடைய நாவின்மீது செல்லாது. இவ்வுண்மைக்குத் திருத்தணி வட்டாரம் தக்க சான்று ஆகும். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்ட இப்பகுதி, 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாநிலத்தின் பாகமாயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின்படி எல்லைகள் திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மார்ச்சு 31ஆம் நாள் இரவு ஆந்திரத்தில் உறங்கிய குடும்பங்கள் மறுநாட்காலை சென்னை மாநிலத்தில் விழித்தன. அலுவலக மொழி மாறியது, பள்ளிப்பாடம் மாறியது. ஆயின் வீட்டுத் திண்ணையிற் பேசிய பேச்சு ஓரிரவில் மாறிவிடவில்லை. முருகன் கோயில் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளில் ஏறும் அடியார் கூட்டத்தில் இன்றும் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கின்றன. இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த ச. இராதாகிருஷ்ணன், தெலுங்கு பேசும் குடும்பத்திலிருந்து இவ்வட்டாரத்தில் தோன்றியவரே.

இத்தகைய இடங்களில் இரண்டு மொழிகள் ஒன்றோடொன்று கலந்து வழங்குவது இயல்பு. அக்கலப்பைக் கேட்கும் கற்றோர், 'இது சரியான தமிழும் அன்று, சரியான தெலுங்கும் அன்று. கெட்டுப்போன பேச்சு' என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். சபையிலும் இத்தீர்ப்பு வழங்கப்படுகின்றது. செய்யுள் நடையில் செபிக்கத் தெரியாதவர் வாய்திறக்க நாணுகின்றார். இத்தீர்ப்பு சரியானதா? இவ்வினாவுக்கு விடைகாண, நமக்கு மிக அருகிலிருந்தும் நம்மில் பலரால் அறியப்படாத ஒரு சிறு மக்களின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். இலங்கையிலுள்ள மலாய் மக்களையும், தமிழின் அமைப்பை ஏற்று வளர்ந்த அவர்தம் தாய்மொழியையுமே குறிக்கின்றோம்.

1. பழவேற்காடும் கீழ்த்திசைத் தீவுகளும்

மலாய் மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சார்ந்தது. மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை, கடல் வழியே பரந்து கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் இக்குடும்பத்தில் அடங்கும். இந்தியப் பெருநிலத்தில் இக்குடும்பத்தின் மொழி எதுவும் வேரூன்றவில்லை. நிக்கோபார்த் தீவுகளின் மொழிகளைச் சிலர் இக்குடும்பத்தில் வைத்து மயங்குவதுண்டு. அவை ஆஸ்திரோ-ஆசியம் எனப்படும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை. ஆகவே நமக்கு மிக அண்மையில் வாழும் ஆஸ்திரோனேசிய மொழி இலங்கை மலாயே எனலாம்.

மலாய் உலகத்தோடு தமிழகம் கொண்ட தொடர்பு பழமையானது. சாவகம் என்னும் பெயர் மணிமேகலையில் வருகின்றது. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025 அளவில் கடாரத்தின்மேற் சென்றது. 1247இல் தாம்பரலிங்க நாட்டுச் சந்திரபானு இலங்கையின்மேற் படையெடுத்தான். கப்பல், கடை, கட்டில், பெட்டி, முதல் என்னும் தமிழ்ச்சொற்கள் மலாயில் காப்பால், கெடாய், காத்தில், பெத்தி, மோடால் என இன்றும் வழங்குகின்றன. எனினும் இலங்கையில் இன்று வாழும் மலாய் மக்கள் அப்பழங்காலத்தவரின் வழியினர் அல்லர். அவர்களுடைய வரலாறு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடங்குகின்றது.

அக்கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம், திருத்தணி இன்று அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள பழவேற்காடு ஆகும். 1610இல் அங்குக் காலூன்றிய ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். நம் நாட்டு நெசவாளரின் துணிகள் பழவேற்காட்டிலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. அத்துணிகளுக்கு ஈடாகக் கிராம்பும் சாதிக்காயும் பெறப்பட்டன. துணியோடு மனிதரும் ஏற்றப்பட்டனர். பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழைகள் இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாய்ச் சென்றது வரலாற்றின் இருண்ட பக்கம்.

அக்கோட்டையில் 1632 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் குருவாயிருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணர் வாயிலாக இந்து சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்து எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் வெளிவந்தது. இந்து சமயத்தைப்பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்கநூல்களில் அது சிறப்பிடம் பெற்றது. பிற சமயத்தாரைச் செவிகொடுத்துக் கேட்ட ஒரு குருவை அக்காலத்தில் காண்பது அரிது. ஆயினும் அவர் கம்பெனியின் ஊதியம் பெற்ற குருவே. கம்பெனியின் கப்பல்கள் யாரை ஏற்றிச்சென்றன என்பதைத் தடுத்து நிறுத்தும் நிலையில் அன்றைய குருமார் இருக்கவில்லை. இதனை நாம் மறவாமல் மேலே செல்லுதல் தகும்.

2. நாடுகடத்தப்பட்டவர்களும் படைவீரர்களும்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். அதுமுதல் 1796இல் ஆங்கிலேயர் வரும்வரை, இலங்கைக் கரையோரம் பத்தாவியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பத்தாவியா ஆட்சியாளருக்கு இலங்கை ஒரு சிறைத்தீவாகவும் பயன்பட்டது. சுலவேசித் தீவின் மக்காசார் நாட்டு ஞானியும் நூலாசிரியருமான சேகு யூசுப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பத்தாண்டுகளுக்குப்பின் அங்கிருந்தும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்பட்டு 1699இல் அங்கே காலமானார். சாவக நாட்டு மன்னர் மூன்றாம் அமங்குராத் 1708இல் நாடுகடத்தப்பட்டார். மக்காசார்ப் பகுதியின் கொவா அரசர் பக்ருதீன் 1767இல் அதே தண்டனை பெற்றார். இவர்களோடு மனைவியர், பிள்ளைகள், ஏவலாளர் எனப் பலர் வந்தனர். இலங்கைக்குச் 'செலோங்' என்பது அம்மக்கள் இட்ட பெயர். நாளடைவில் சாவக மொழியில் 'செலோங்குக்கு அனுப்புதல்' என்னும் பொருள்படும் சொல், எந்த நாட்டுக்காயினும் நாடுகடத்துதலைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. நாம் அருகிலிருந்து காணும் அழகிய தீவு மற்றொரு மக்களின் அகராதியில் தண்டனையின் பெயராய் நிற்கின்றது.

அரசகுடும்பத்தவரினும் தொகையில் மிகுந்தவர்கள் படைவீரர்களே. சாவகம், அம்போன், மதுரா, பாலி, மலாய்த் தீபகற்பம் எனப் பல்வேறு இடங்களிலிருந்து வந்த இவர்களுக்குத் தாய்மொழிகள் பலவாயிருந்தன. பத்தாவியாச் சந்தையிலும் கப்பல்தளத்திலும் வழங்கிய எளிய மலாயே இவர்களை ஒன்றாக இணைத்தது. பின்னர் வந்த ஆங்கிலேயரும் இவர்களைக் கொண்டே மலாய்ப் படைப்பிரிவை அமைத்தனர். அப்படை பின்னாளில் இலங்கைத் துப்பாக்கிப்படை என்னும் பெயர் பெற்றது.

1803இல் கண்டி நகரில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது, அதிலிருந்த மலாய்த் தலைவர் நூருதீன் கண்டி மன்னருக்கு ஊழியம் செய்ய அழைக்கப்பட்டார். முன்பு ஏற்றுக்கொண்ட பற்றுறுதியை மீற மறுத்தமையால் அவரும் அவர் சகோதரரும் கொல்லப்பட்டனர். அவர்களுடைய மற்றொரு சகோதரர் கண்டி மன்னரின் பக்கத்தில் நின்று போரிட்டவர். தாயகம் இழந்தோர் பிறர் போரில் இருபுறமும் நின்று மடிந்த நிலை இது. அவர்களைத் தண்டித்த மன்னர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனும் நாடுகடத்தலுக்குத் தப்பவில்லை. 1815இல் சிறைப்பட்ட அவர் மறு ஆண்டு தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, வேலூர்க் கோட்டையில் காவலிலிருந்து 1832இல் காலமானார். கடலின் இருகரைகளுக்கும் இடையே நாடுகடத்துதல் இருவழியாகவும் நடந்தது.

3. தமிழ் அமைப்புப் புகுந்த வகை

பாபிலோன் ஆறுகளின் அருகே அமர்ந்து, அந்நிய நாட்டில் கர்த்தரின் பாட்டைப் பாடுவது எப்படி என்று வினவியோரை நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதத்தில் காண்கின்றோம். இம்மலாய் மக்களும் தங்கள் பாட்டைத் தங்கள் நாவிலேயே வைத்துக் காத்தனர். ஆயின் காத்த முறை வியப்புக்குரியது. சொற்களை விடாது பற்றிக்கொண்டனர். சொற்களைக் கோக்கும் அமைப்பை அயலாரிடமிருந்து பெற்றனர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 'நான் சந்தைக்குப் போனேன்' என்பதை மலேசியாவின் பொதுமலாயில் 'சாயா பெர்கி கெ பாசார்' என்பர். 'நான், போ, க்கு, சந்தை' என்பது அதன் முறை. வினை நடுவில் நிற்க, வேற்றுமையைக் காட்டும் சொல் பெயருக்கு முன் வருகின்றது. இலங்கை மலாயில் இதே கருத்து 'செ பாசார்-நங் சு-பி' என்று வரும். 'நான், சந்தை-க்கு, போனேன்' என்பது இதன் முறை. வேற்றுமையுருபு பெயருக்குப் பின் சென்றது. வினை ஈற்றில் நின்றது. செ, பாசார், பி ஆகியவை மலாய்ச் சொற்களே. 'சு' என்பதும் முடிந்தது எனப் பொருள்படும் 'சுடா' என்னும் மலாய்ச் சொல்லின் குறுக்கமே. ஆயின் வாக்கியத்தின் எலும்புக்கூடு நமக்கு நன்கு பழக்கமானது.

மற்றொன்று காண்க. தேநீர் வேண்டும் என்பவர் பொதுமலாயில் 'நான் வேண்டுகிறேன்' என்னும் எழுவாய் அமைப்பில் பேசுவர். இலங்கை மலாய் பேசுவோர் 'செ-தங் தே மாவ்' என்பர். 'எனக்குத் தேநீர் வேண்டும்' என்பதே இதன் நேர்பொருள். வேண்டுதல், பசித்தல், நோதல் ஆகியவற்றை நான்காம் வேற்றுமையால் கூறும் இவ்வழக்குத் தமிழுக்கு இயல்பானது, மலாய்க்குப் புதியது. 'போய்', 'தின்று' போன்ற வினையெச்சங்களையும் இவர்கள் படைத்துக்கொண்டனர். முடிதல் எனப் பொருள்படும் 'ஹாபிஸ்' என்னும் மலாய்ச் சொல் 'அஸ்' எனக் குறுகி வினையின் முன் நின்று அப்பொருளைத் தருகின்றது. தமிழில் 'என்' என்னும் வினையிலிருந்து 'என்று' தோன்றிப் பிறர் கூற்றை முடித்து நிற்பதுபோல, இவர்கள் மொழியில் சொல்லுதல் எனப் பொருள்படும் 'கத்தா' பிறர் கூற்றின் ஈற்றில் நிற்கின்றது. இரவல் வாங்கியது தமிழ்ச்சொல்லை அன்று. தமிழ் சிந்திக்கும் முறையை. அதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும் தம் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

கால்டுவெல் கண்காணியார் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இலக்கண அமைப்பையும் அடிப்படைச் சொற்களையும் சான்றாக்கித் தமிழ் முதலிய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். அவர் காட்டிய இரு சான்றுகளும் தமிழில் ஒரே திசையைச் சுட்டுகின்றன. இலங்கை மலாயிலோ சொற்கள் ஒரு திசையையும் அமைப்பு மற்றொரு திசையையும் சுட்டுகின்றன. பிறப்பால் அது மலாயின் மகளே. வளர்ப்பால் தென்னாட்டு வீட்டுப் பிள்ளை.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? ஆய்வாளரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இம்மக்களின் வரலாற்றை விரிவாக எழுதிய பா.அ. உசைன்மியா முதலியோர், தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களோடு கொண்ட மணத்தொடர்பையே காரணமாகக் காட்டினர். இருசாராரும் ஷாபிஈ நெறியைப் பின்பற்றும் முஸ்லிம்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள். சமயபோதனையைப் பெரும்பாலும் தமிழிலேயே கேட்டவர்கள். மலாய் வீரனின் வீட்டில் தாய் தமிழில் சிந்தித்து மலாயில் பேசினாள். பிள்ளைகள் அப்பேச்சையே தாய்மொழியாகப் பெற்றனர் என்பது இக்கருத்து. உம்பெர்த்தோ அன்சால்தோ முதலியோரோ, மணத்தொடர்பு அவ்வளவு மிகுதியன்று. தமிழும் சிங்களமும் அமைப்பால் பெரிதும் ஒத்தவையாதலின், இரண்டையும் பல தலைமுறைகளாகப் பேசிவந்ததே இம்மாற்றத்துக்குப் போதுமானது என்கின்றனர். மலைநாட்டு மலாய்ப் பேச்சுக்கு 2009இல் விரிவான இலக்கணம் எழுதிய செபாஸ்தியான் நோர்தோப்பின் உழைப்பால் இவ்வாதம் மேலும் தெளிவு பெற்றது. எக்கருத்தைக் கொண்டாலும் ஒன்று உறுதி. படையோ சட்டமோ தமிழ் அமைப்பை இவர்கள்மேல் சுமத்தவில்லை. அடுக்களை, சந்தை, பள்ளிவாசல் ஆகிய இடங்களில் அண்டை வீட்டாரோடு நாள்தோறும் வாழ்ந்த வாழ்க்கையே அதனைக் கொணர்ந்தது.

இம்மக்கள் எழுத்தறிவற்ற கூட்டம் அல்லர் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். அரபு எழுத்தில் எழுதிய மலாய் ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துப் பாதுகாத்தனர். ரோனித் ரிச்சி என்னும் அறிஞர் ஆராய்ந்த ஏடுகளில் மலாய், அரபி, அரபுத்தமிழ் ஆகியவை ஒரே சுவடிக்குள் அருகருகே காணப்படுகின்றன. கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ச் செய்தித்தாளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1876இல் வெளிவந்த 'ஜாவி பெரானாக்கான்' என்னும் இதழுக்கு அது ஏழாண்டு முந்தியது. மலாய் இதழியலின் விடியலை ஒரு சிறு தீவின் சிறு கூட்டம் கண்டது என்பது சிறிய செய்தியன்று.

4. திருமறையும் 'உயர்ந்த' மலாயும்

இனித் திருச்சபையின் பக்கம் திரும்புவோம். ஆசிய மொழிகளில் மலாய் மிகத் தொடக்கத்திலேயே அச்சிட்ட திருமறைப் பகுதியைப் பெற்றது. கம்பெனி வணிகரான ஆல்பர்ட் ருயில் மொழிபெயர்த்த மத்தேயு நற்செய்தி 1629இல் ஒல்லாந்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய 1715ஆம் ஆண்டுக்கு அது எண்பத்தாறு ஆண்டு முந்தியது. ஆயினும் முழுத் திருமறையும் வெளிவர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இத்தாமதத்தின் பின்னணியில் நம் வினாவோடு தொடர்புடைய ஒரு வழக்கு உண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இருவர் இப்பணியில் ஈடுபட்டனர். அம்போன் தீவில் ஊழியம் செய்த பிரான்சுவா வாலெந்தைன், மக்கள் அன்றாடம் பேசிய எளிய மலாயில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். பத்தாவியாவின் குரு மெல்கியோர் லெய்தெக்கர், அரபுச்சொற்கள் செறிந்த உயர்நடையே திருமறைக்குத் தகும் என்றார். பத்தாவியாச் சபைமன்றம் லெய்தெக்கரின் பக்கம் நின்றது. 1691இல் தொடங்கிய அவர் 1701இல் எபேசியர் ஆறாம் அதிகாரம் வரை வந்த நிலையில் காலமானார். எஞ்சிய பகுதியை வேறொரு குரு முடித்தார். திருத்தங்களுக்குப்பின் புதிய ஏற்பாடு 1731இலும் முழுத் திருமறை 1733இலும் அச்சாயின. வாலெந்தைனின் மொழிபெயர்ப்பு அச்சேறவேயில்லை.

லெய்தெக்கரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. அவருடைய மொழிபெயர்ப்பு நூறாண்டுகளுக்கு மேலாகத் தீவுகளின் சபைகளில் வாசிக்கப்பட்டது. ஆயினும் அம்மொழிநடையை வீட்டில் பேசியோர் எவர்? இலங்கைக்கு வந்த போர்வீரன் நான் என்பதற்குக் 'கோ' என்றும், நீ என்பதற்கு 'லு' என்றும் சீன வணிகரிடமிருந்து பெற்ற சொற்களை வழங்கினான். அச்சொற்கள் இலங்கை மலாயில் இன்றும் உயிரோடுள்ளன. அவனுடைய பேச்சு, திருமறைக்குத் தகாதெனச் சபைமன்றம் ஒதுக்கிய பேச்சின் உடன்பிறப்பே. அவனை நாடுவிட்டு நாடு அனுப்பிய ஆட்சியின் ஊதியம் பெற்ற திருச்சபை, அவன் பேச்சில் நற்செய்தியை எழுதவும் துணியவில்லை. அவன் கேளாமற் போனதற்கு அவனுடைய சமயப்பற்றை மட்டும் காரணமாகக் கூறுதல் வரலாற்று நேர்மையாகாது.

பிற்காலத்தில் ஒரு தமிழ்த் தொடர்பு இவ்வரலாற்றில் தோன்றுகின்றது. மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, தமிழ்ப்பெண்ணை மணந்து, அங்கிருந்து மலாக்கா சென்றவர்கள். அவரும் சிறுவயதில் தமிழ் கற்றவர். இலண்டன் மிஷன் தொண்டர் தாம்சனுக்கு மலாய் ஆசிரியராயிருந்து, நற்செய்தி நூல்களின் மொழிபெயர்ப்பில் உதவினார். ஐரோப்பியச் சொற்றொடர் முறையை மலாய்மேல் ஏற்றுவதை அவர் ஒப்பவில்லை என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஒரு முஸ்லிம் ஆசிரியர் நற்செய்தி அதன் வாசகருக்கு விளங்கும் மொழியில் அமைய வேண்டுமென வாதாடினார் என்பது நாம் நன்றியோடு நினைவுகூரத்தக்கது.

இவ்வழக்கு நமக்கும் புதியதன்று. பப்ரிசியுசின் 1772ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டின் நடைக்கும், பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்பதிப்பின் நடைக்கும் இடையே நம் சபைகளில் நிகழ்ந்த வாதங்கள் இதே இனத்தைச் சார்ந்தவை.

5. இன்றைய நிலை

1873இல் துப்பாக்கிப்படை கலைக்கப்பட்டபோது மலாய் மக்களின் பொது வாழ்வுக்குத் தூணாயிருந்த அமைப்புச் சாய்ந்தது. வீரர்களின் பிள்ளைகள் காவற்படை, சிறைத்துறை, தோட்டங்கள் முதலியவற்றில் பணிபுரியப் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்தம் தொகை நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டது. கொழும்பின் கொம்பனித்தெரு, கண்டி, பதுளை, அம்பாந்தோட்டை, கிரிந்த ஆகிய இடங்களில் அவர்கள் வாழ்கின்றனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் அம்பாந்தோட்டை, கிரிந்த பகுதிகளின் மலாய்க் குடும்பங்களையும் கடுமையாகத் தாக்கியது.

மொழியின் நிலையோ இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. கொழும்பில் கற்ற குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாறிவிட்டனர். தென்கோடியிலுள்ள கிரிந்த என்னும் மீனவ ஊரிலோ, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் சென்றபோதும் சிறுவர் மலாயையே முதல் மொழியாகப் பேசினர். வறுமையிலிருந்தோர் காத்ததை வசதியுடையோர் இழந்தனர்.

மொழியைக் காக்க விரும்பிய பெரியோர் மற்றொரு வழியையும் நாடினர். அவ்வழி, மலேசியாவின் பொதுமலாயைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல். இதனால் பரந்த மலாய் உலகத்தோடு உறவும் நூல்களும் வாய்க்கும் என்பது உண்மை. ஆயின் 'நாம் வீட்டில் பேசுவது உடைந்த மலாய். அங்கே பேசுவதே மெய்யான மலாய்' என்னும் எண்ணமும் இதனோடு உட்புகுந்தது. ஒரு மொழி அயலாரின் இகழ்ச்சியால் அழிவது அரிது. பேசுவோரே அதனை இகழும்போது ஒரு தலைமுறையில் அழிந்துபோம். பாட்டியின் பேச்சைத் திருத்தும் பேரன் இறுதியில் அவளோடு பேசுவதையே நிறுத்திவிடுகின்றான்.

6. நமது ஊழியத்துக்குரிய பாடம்

இவ்வரலாறு ஊழியருக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது.

முதலாவது, கலப்புப் பேச்சு கெட்ட பேச்சு அன்று. இலங்கை மலாயில் ஒழுங்கின்மை இல்லை; பொதுமலாயில் காணாத நுண்ணிய வேற்றுமை அமைப்பும் வினையமைப்பும் அதில் உள்ளன. ஒரு காலத்தில் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தையும் அறிஞர் தாழ்ந்த கிரேக்கம் என்றனர். வேறு சிலர் அது தூய ஆவியானவர் தனியே அமைத்த மொழி என்றனர். எகிப்தின் பாப்பிரஸ் தாள்களை ஆராய்ந்த அடால்ப் தைஸ்மன், அது வணிகரும் வேலையாட்களும் மடல் எழுதிய பொதுமக்கள் மொழியே என்பதை 1908இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிக் காட்டினார். அக்கிரேக்கச் சொற்களுக்குள் எபிரேய, அரமேயச் சொற்றொடர் முறையும் பல இடங்களில் கலந்துள்ளது. அயல்மொழிச் சாயல் படிந்த மக்கள் பேச்சில் நற்செய்தியை ஏற்றிக்கொண்ட திருச்சபை, அத்தகைய பேச்சை இகழ்வது தன் அடித்தளத்தையே இகழ்வதாகும்.

இரண்டாவது, பேச்சைக் கொண்டு மனிதரைப் பிரிப்பதன் கொடுமையைத் திருமறையே காட்டுகின்றது. நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்காதவன் உயிரிழந்தான். பிரதான ஆசாரியரின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சே. அதே கலிலேயப் பேச்சுடையோரைக் கொண்டே பெந்தெகொஸ்தே நாளில் தேவன் பேசினார். கேட்ட ஒவ்வொருவரும் தத்தம் பாஷையிலேயே கேட்டனர். ஒரே மொழிக்கு மாறும்படி அன்று எவரும் கேட்கப்படவில்லை.

மூன்றாவது, மொழிகளை இணைப்பது அண்டை வாழ்வு. ஒரு மக்கள் நம்முடைய மொழியின் அமைப்பை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நம்மவர் ஒரு பகுதியினரோடு நெருங்கி வாழ்ந்துள்ளனர். ஆட்சியாளரும் அறிஞரும் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. பெயர் அறியப்படாத தாய்மாரும் கடைக்காரரும் பள்ளிவாசல் ஆசிரியரும் செய்த பணி அது.

ஆகவே திருத்தணி போன்ற எல்லை வட்டாரங்களில் பொறுப்பேற்கும் இளங்குருமார் சிலவற்றைச் சிந்தித்தல் நலம். பீடத்தில் நாம் வாசிக்கும் நடை எதுவாயினும், செபிக்க எழுந்து நிற்கும் மூதாட்டி தெலுங்குச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஒரே மூச்சில் வழங்கினால் அவரைத் திருத்தாதிருப்போமாக. திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் தம் வீட்டுப் பேச்சில் விடையளித்தால், முதலில் விடையின் உண்மையைப் பாராட்டி, அதன்பின் எழுத்துநடையைக் கற்பிப்போமாக. எழுத்துநடையைக் கற்பித்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின் அது மற்றொரு வாசலைத் திறப்பதாக அமையட்டும். பழைய வாசலை அடைப்பதாக அமைய வேண்டா. மலைப்பகுதிகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர் முதலிய சிறு மக்களிடையே ஊழியம் செய்வோருக்கு இது மேலும் பொருந்தும். அவர்கள் பேச்சைத் தமிழின் சிதைவு என்று எண்ணுவதற்கு முன், அமர்ந்து கேட்டல் வேண்டும்.

பத்தாவியாச் சபைமன்றம் ஒரு நடையைத் தேர்ந்தது. கற்றோர் கூடி, நன்னோக்கத்தோடு, திருமறையின் மேன்மையைக் கருதியே அதனைத் தேர்ந்தனர். அவ்வறையில் போர்வீரர் எவரும் அமர்ந்திருக்கவில்லை. நம் சபைகளில் வழிபாட்டு முறைகளையும் பாட்டுகளையும் பாடநூல்களையும் தீர்மானிக்கும் குழுக்கள் கூடும்போது, யார் மொழியில் பேசப்போகிறோம் என்பதோடு, அம்மொழியைப் பேசுவோர் அவ்விடத்தில் இருக்கின்றனரா என்பதையும் கேட்டுக்கொள்வோமாக.